ஊன்றிய திருவடி கற்பித்த பாடம்

ஆடல்வல்லானின் திருமுன் நின்று வழிபடும்போது நம் கண்கள் முதலில் எங்கே செல்கின்றன? புன்முறுவல் தவழும் திருமுகத்துக்கு; அபயம் காட்டும் திருக்கரத்துக்கு; பிறகு, தூக்கிய இடத் திருவடிக்கு. அருள் வழங்கும் பாதம் அதுவே என்று பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே கண்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

அந்தத் தூக்கிய திருவடி காற்றில் நிலைபெற்றிருப்பது எதனால்? முயலகன் மீது ஊன்றிய வலத் திருவடியால். விரிசடை, உடுக்கை, அனல், சுற்றியுள்ள திருவாசி ஆகிய அத்தனைக்கும் அடியில் அந்த ஒரு பாதம் ஊன்றியிருக்கிறது. சிறு வயது முதல் நடராசப் பெருமானைத் தரிசித்து வரும் நான், அந்த ஊன்றிய திருவடியை ஒரு நாளும் நிதானித்துப் பார்த்ததில்லை. என் மனைவி கோயில் பிராகாரத்தில் வழுக்கி விழுந்த பிறகுதான் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் ஒரு நாட்டிய ஆசிரியை.

அன்னாபிஷேக நாளில்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஐப்பசிப் பௌர்ணமி. கும்பகோணத்தில் காலையிலிருந்தே மழை. மாலையில் அன்னாபிஷேகத் தரிசனம் முடித்துப் பிராகாரம் வலம் வந்தோம். கோமுகத்துக்கு அருகில் கருங்கல் தளத்தில் அபிஷேக நீரும் மழை நீரும் கலந்து ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு இரண்டடி பின்னால் வந்த என் மனைவியின் கால் சறுக்கியது. விழும்போது தாங்கிக்கொள்வதற்காக இடக்கையை ஊன்றினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

அப்போது அவளுக்கு வயது 62. ஆறு வாரம் மாவுக்கட்டு. தை பிறப்பதற்குள் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. ஆனால் எலும்போடு சேர்ந்து உடைந்த வேறொன்று கூடவில்லை. வாசற்படி இறங்கச் சுவரைப் பிடித்தாள். குளியலறைக்குப் போகும்போது தரையை மட்டுமே பார்த்தபடி, பாதங்களைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடந்தாள். நாற்பது ஆண்டுகளாக அவள் தவறவிட்ட பிரதோஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்டவள், "சாமி எங்கே போய்விடப் போகிறார்? இங்கிருந்தே கும்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகத் தெரியும் கோபுரக் கலசத்தைப் பார்த்துக் கைகூப்பத் தொடங்கினாள்.

நான் என்ன செய்தேன்? நம் வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். "கவனமாக நட, கவனமாக நட" என்று நாளுக்குப் பத்து முறை சொன்னேன். அந்தச் சொல் அவள் அச்சத்தை வளர்த்ததே தவிர, நடையைத் திருத்தவில்லை. எலும்பு மருத்துவரும், "கை சரியாகிவிட்டது. இனி, விழுந்துவிடுவோமோ என்ற பயத்தைத்தான் கவனிக்க வேண்டும். பயந்து நடப்பவர்கள் உடலை விறைப்பாக வைத்துக்கொள்கிறார்கள், விறைத்த உடல் எளிதில் தடுமாறும்" என்றார். நடைப்பயிற்சியும் உடல் நிலைப்புக்கான பயிற்சியும் தேவை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு அலமாரியில் மாத்திரைகளோடு கிடந்தது.

கண்ணாடி இல்லாத வகுப்பு

எங்கள் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. சனிக்கிழமைதோறும் அவளை அடுத்த தெருவில் உள்ள பரதநாட்டிய வகுப்புக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. ஆசிரியைக்கு ஐம்பது வயதிருக்கும். தம் வீட்டுக் கூடத்திலேயே பத்துப் பன்னிரண்டு குழந்தைகளுக்குக் கற்பிக்கிறார். கூடத்தில் நடராசர் விக்கிரகம் ஒன்று, குத்துவிளக்கு ஒன்று, தட்டுக்கழியும் பலகையும். நாட்டிய வகுப்புகளில் வழக்கமாகக் காணப்படும் பெரிய கண்ணாடி அங்கே இல்லை.

வகுப்பின் முதல் பத்து நிமிடம் எனக்கு வியப்பாக இருந்தது. குழந்தைகள் பூமியைத் தொட்டு வணங்கி எழுந்ததும், கண்களை மூடி நிற்கச் சொல்வார். "எடை எங்கே இருக்கிறது? குதிகாலிலா, விரல்களிலா? வலக்காலிலா, இடக்காலிலா? வாயால் பதில் சொல்ல வேண்டாம். உள்ளே பாருங்கள்" என்பார். சலங்கைச் சத்தம்கூட இராது. பிறகுதான் அரைமண்டி. ஒரு குழந்தையின் முழங்கால் உட்புறம் சாய்ந்தால், "இப்படி நில்" என்று தாமே நின்று காட்டமாட்டார். "உன் முழங்கால் எந்தப் பக்கம் பார்க்கிறது? கால்விரல் எந்தப் பக்கம் பார்க்கிறது?" என்று கேட்பார். குழந்தை ஒரு கணம் தனக்குள் தேடும். பிறகு தானாகவே முழங்காலை வெளிப்புறம் திருப்பி, விரல்களின் நேருக்குக் கொண்டுவரும். அதன் பிறகே தட்டடவு. "தையா தை" என்று தட்டுக்கழி ஒலிக்கும்.

ஒருநாள் வகுப்பு முடிந்ததும், "அம்மா, கண்ணாடி வைத்தால் குழந்தைகள் தங்கள் தவற்றைத் தாங்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்டேன்.

"கண்ணாடி வெளித்தோற்றத்தைத்தான் காட்டும் ஐயா. மேடையில் கண்ணாடி இருக்காது. என் முழங்கால் இருபத்தைந்து வயதில் கெட்டுப்போனது. அதற்குக் காரணம் நான்தான். குரு ஆடிக் காட்டியதைக் கண்ணால் பார்த்து அப்படியே செய்தேன். என் கால் என்ன சொல்கிறது என்று கேட்கவே இல்லை. என் பிள்ளைகள் முதலில் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று நினைத்தேன்" என்றார்.

இதைக் கேட்டதும் என் பணிக்காலத்து நினைவு ஒன்று வந்தது. 1981ஆம் ஆண்டு நான் வங்கியில் சேர்ந்தபோது எங்கள் கிளையில் முதுநிலைக் காசாளர் ஒருவர் இருந்தார். நோட்டுக் கட்டை எண்ணும்போது அடுத்தவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று விரல் நிற்கும். ஒரு நோட்டை உருவி வெளியே வைப்பார். பார்த்தால் அது கள்ளநோட்டாக இருக்கும். "கண் பார்க்கும் முன்பே விரல் சொல்லிவிடும் தம்பி" என்பார். அதை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்து, "அதேதான் ஐயா. அவர் விரலுக்கு வந்த அறிவு நம் பாதத்துக்கும் வர வேண்டும்" என்றார்.

அன்று வீடு திரும்பும் வழியில் எனக்கு ஒன்று உறைத்தது. "கவனமாக நட" என்று மனைவியிடம் பத்து முறை சொன்ன நான், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு முறையும் சொல்லவில்லை. எனக்கே அது தெரியாது.

முனிவர் எழுதிய பேரேடு

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று. பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள விளக்கங்களின் துணையோடு படித்தபோது, வங்கிப் பேரேட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது. உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே பதிவு. தலை, கை, மார்பு, பக்கம், இடை, பாதம் ஆகிய ஆறும் அங்கங்கள். கண், புருவம், மூக்கு, கீழுதடு, கன்னம், முகவாய் ஆகிய ஆறும் உபாங்கங்கள். மார்புக்கு ஐந்து நிலைகள், பக்கங்களுக்கு ஐந்து, இடைக்கு ஐந்து, தொடைக்கு ஐந்து, கெண்டைக்காலுக்கு ஐந்து, பாதத்துக்கு ஐந்து. உடலை இத்தனை நுணுக்கமாக உள்ளிருந்து கவனித்தவர்களால்தான் இப்படி ஒரு கணக்கை எழுதியிருக்க முடியும்.

அந்நூலின் நான்காம் அத்தியாயம் தாண்டவ இலக்கணம். அங்கேதான் 108 கரணங்கள் சொல்லப்படுகின்றன. கையும் காலும் ஒன்றோடொன்று இசைந்து இயங்கும் ஓர் அசைவே கரணம். முதலாவது கரணம் தலபுஷ்பபுடம். குவித்த இரு கைகளில் மலர் ஏந்தி இடப்பக்கம் கொண்டுவந்து, உடலைப் பக்கவாட்டில் சற்றே வளைத்து, ஒரு காலின் குதியை உயர்த்தி நிற்பது. நூற்றெட்டாவது கங்காவதரணம். மலரிடும் வழிபாட்டில் தொடங்கி, கங்கை இறங்கும் காட்சியில் நிறைவு பெறுகிறது அந்த வரிசை.

அந்த ஏட்டைக் கல்லில் எழுதி வைத்தவர்கள் நம் மன்னர்கள். முதலாம் இராசராச சோழர் எழுப்பி 1010ஆம் ஆண்டில் நிறைவு செய்த தஞ்சைப் பெரியகோயிலில், கருவறைக்கு மேல்நிலையில் உள்ள சுற்றுக்கூடத்தில் சிவபெருமானே நான்கு கரங்களோடு கரணங்களை ஆடிக் காட்டுகிறார். 81 கரணங்கள் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27க்கும் உரிய கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. அதே கோயிலில் நாட்டியப் பணிக்காக 400 தளிச்சேரிப் பெண்டுகளை மன்னர் பல ஊர்க் கோயில்களிலிருந்தும் அழைத்து வந்து குடியமர்த்தியதையும், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காக அளித்ததையும் கல்வெட்டு சொல்கிறது. சிதம்பரத்தில் கீழைக் கோபுரத்திலும் மேலைக் கோபுரத்திலும், நுழைவாயிலின் இரு பக்கமும் ஆடல் மகளிரின் உருவில் 108 கரணங்களும் நாட்டிய சாஸ்திர சுலோகங்களோடு இடம்பெற்றுள்ளன. எங்கள் கும்பகோணத்திலேயே சாரங்கபாணிப் பெருமாள் கோயில் கோபுரத்தில் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. எத்தனையோ முறை அதன் வழியே போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை.

இந்தச் சிற்பங்களை வெறும் நிலைகள் என்றே பலரும் நெடுங்காலம் கருதியிருந்தார்கள். அவை உறைந்த நிலைகள் அல்ல, ஓர் அசைவின் நடுவே பிடித்து வைக்கப்பட்ட கணங்கள் என்று ஆராய்ந்து, ஆடியும் காட்டியவர் டாக்டர் பத்மா சுப்ரமணியம். ஒரே கரணத்தைத் தஞ்சைச் சிற்பி அசைவின் ஒரு கணத்திலும், சிதம்பரச் சிற்பி வேறொரு கணத்திலும் காட்டியிருக்கலாம். இரண்டையும் சுலோகத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான் முழு அசைவும் விளங்கும் என்பது அவர் கண்ட வழி. காஞ்சி மகாபெரியவரின் திருவுள்ளப்படி மகாராஷ்டிர மாநிலம் சதாராவில் எழுந்த உத்தர சிதம்பரம் நடராசர் கோயிலுக்கு, சிவபெருமானும் அன்னையும் சேர்ந்து ஆடும் 108 கரணங்களை வடிவமைத்துத் தந்தவரும் அவரே.

அறிவியல் சொல்வது

நம் முன்னோர் பாதத்தில் உணர்ந்ததை உடலியல் அறிஞர்கள் வேறு மொழியில் சொல்கிறார்கள். நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று துணைகள் உண்டு. கண் ஒன்று, உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு இரண்டு, தசை, மூட்டு, பாதத்தோல் ஆகியவற்றிலிருந்து மூளைக்குச் சென்றுகொண்டே இருக்கும் செய்தி மூன்று. கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதல்லவா? அந்த மூன்றாவது அறிவுதான் அது. இதற்குத் தனிப்பெயர் சூட்டி 1906ஆம் ஆண்டில் விளக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் ஷெரிங்டன். நரம்பியல் ஆய்வுக்காக 1932ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர்.

வயது ஏற ஏற மூன்று துணைகளுமே தளர்கின்றன. கண் மங்குகிறது, பாதத்தின் உணர்வு குறைகிறது, சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் குறைகிறது. இருட்டில் பிராகாரம் சுற்றும்போது கண்ணின் துணையும் போய்விடுகிறது. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு உயிரிழக்கிறார்கள் என்றும், அவர்களில் அறுபது வயது கடந்தவர்களே மிகுதி என்றும் உலக சுகாதார நிறுவனம் தெரிவிக்கிறது. பயிற்சியால் விழும் வாய்ப்பைக் குறைக்க முடியும் என்பதும் அந்நிறுவனம் சொல்வதே.

மேலைநாட்டிலும் இதை அனுபவத்தால் கண்டவர்கள் உண்டு. மோஷே பெல்டன்கிரைஸ் என்பவர் (1904–1984) இயற்பியல் அறிஞர், ஜூடோ பயின்றவர். முழங்காலில் அடிபட்டு அவதியுற்ற அவர், தம் அசைவுகளை மிக மெதுவாக, மிகச் சிறிதாகச் செய்து கவனிக்கத் தொடங்கினார். அந்தக் கவனிப்பிலிருந்து ஒரு பயிற்சி முறையை வகுத்து, 1972ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாகவும் வெளியிட்டார். உடலை வெளியிலிருந்து பார்ப்பது வேறு, அதற்கு உரியவரே உள்ளிருந்து உணர்வது வேறு என்று பிரித்துக் காட்டியவர் அமெரிக்கரான தாமஸ் ஹன்னா. உடல் என்று பொருள்படும் 'சோமா' என்ற கிரேக்கச் சொல்லைக் கொண்டு, உள்ளிருந்து உணரும் இந்தக் கல்விக்கு 'சொமாட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். இன்று பல நாடுகளில் நாட்டிய ஆசிரியர்கள் இம்முறைகளைத் தங்கள் பயிற்சியோடு சேர்த்துக் கற்பிக்கிறார்கள். எங்கள் ஊர் ஆசிரியையும் தம் முழங்காலுக்கு மருத்துவம் பார்த்த நாள்களில்தான் இவற்றைப் பற்றிப் படித்தாராம். "படித்து முடித்ததும் நம் சாஸ்திரத்தைத் திரும்ப எடுத்தேன். அதற்குப் பிறகுதான் அது எனக்குப் புரிந்தது" என்றார்.

ஐந்து பாதங்கள்

மனைவியைப் பற்றி ஆசிரியையிடம் சொன்னேன். மறு வாரம் அவரே வீட்டுக்கு வந்தார். மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்தார். "அம்மாவுக்கு நான் நாட்டியம் சொல்லித் தரப்போவதில்லை. பாதம் மட்டும்" என்றார்.

"இந்த வயசிலா?" என்று சிரித்தாள் என் மனைவி.

"ருக்மிணி தேவி அம்மையார் பரதநாட்டியத்தில் முதன்முதலாக மேடையேறியபோது அவருக்கு வயது 31. அந்தக் காலத்தில் அதையே கிழவயது என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். நாம் மேடையேறப் போவதில்லை அம்மா, வாசற்படி இறங்கப் போகிறோம்" என்றார் ஆசிரியை.

முதல் நாள் நாற்காலியில் உட்காரவைத்து, செருப்பில்லாமல் பாதங்களைத் தரையில் வைக்கச் சொன்னார். "எந்த இடம் தரையைத் தொடுகிறது?" அவ்வளவுதான் கேள்வி. என் மனைவி நெடுநேரம் யோசித்தாள். "வலது பாதம் முழுவதும் தெரிகிறது. இடது குதிகால் இருக்கிறதா என்றே தெரியவில்லை" என்றாள். அவள் கால் சறுக்கியது இடப்பக்கம்தான். அதுவரை இதை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

பிறகு சாஸ்திரத்தின் ஐந்து பாதங்கள், நாற்காலியில் அமர்ந்தபடியே. பாதம் முழுவதும் தரையில் படிந்திருப்பது சமம். குதியை ஊன்றி விரல்களை மேல்நோக்கி விரிப்பது அஞ்சிதம். குதியை உயர்த்தி விரல்களை வளைத்து ஊன்றுவது குஞ்சிதம். முன்பாதத்தில் ஊன்றிக் குதியைத் தரையில் தட்டுவது உத்கட்டிதம். குதியை உயர்த்திக் கட்டைவிரலை முன்னே நீட்டுவது அக்ரதலசஞ்சரம். "குஞ்சிதம் என்றால் தில்லையில் சொல்கிறோமே, குஞ்சிதபாதம், அந்தக் குஞ்சிதமா?" என்று கேட்டாள் மனைவி. "அதே சொல்தான் அம்மா, வளைந்தது என்று பொருள்" என்றார் ஆசிரியை. அன்றிலிருந்து அவளுக்கு அது மருத்துவப் பயிற்சியாகத் தோன்றவில்லை. காலையில் விளக்கேற்றி, நாற்காலியில் அமர்ந்து, ஐந்து பாதங்களையும் ஐந்தெழுத்தோடு சேர்த்துச் செய்யத் தொடங்கினாள்.

ஒரு மாதம் கழித்து எழுந்து நிற்கும் பயிற்சி. கனமான நாற்காலியின் முதுகை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, எடையை வலக்காலிலிருந்து இடக்காலுக்கு மெல்ல மாற்ற வேண்டும். அவசரம் கூடாது. "எடை ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்குக் கடக்கும் அந்தக் கணத்தைப் பிடியுங்கள். மனிதர்கள் விழுவது அங்கேதான்" என்பார். அதன் பிறகு சுவரோரமாக நடை: குதி, உள்ளங்கால், விரல். "தையா தை" என்று பேத்தி வாயால் சொல்ல, பாட்டி நடப்பாள். பேத்திக்கு ஆசிரியையாகும் பெருமிதம், பாட்டிக்குச் சிரிப்பு. இறுதியாக, ஒரு கை சுவரில் இருக்க, ஒரு பாதத்தை ஓர் அங்குலம் மட்டும் தூக்கி, ஒரு முறை சிவநாமம் சொல்லும் வரை நிற்பது.

எனக்கு இதெல்லாம் மிகச் சிறிதாகத் தோன்றியது. "வேகமாக நடக்கச் சொன்னால் தசை வலுப்படாதா?" என்று கேட்டேன். ஆசிரியை என் தொழிலையே எடுத்துக்கொண்டார். "மாலையில் கணக்கு முடிக்கும்போது பத்து ரூபாய் இடித்தால் என்ன செய்வீர்கள் ஐயா? வேகமாகக் கூட்டுவீர்களா, ஒவ்வொரு பதிவாகப் பார்ப்பீர்களா?" நான் வாயை மூடிக்கொண்டேன்.

இடையில் பின்னடைவும் உண்டு. சித்திரையில் சமையலறை வாசலில் ஒரு முறை தடுமாறினாள், விழவில்லை. ஆனாலும் பத்து நாள் பயிற்சியை நிறுத்திவிட்டாள். "எல்லாம் வீண்" என்று அழுதாள். ஆசிரியை வந்து, "தடுமாறியபோது எந்தக் காலை ஊன்றினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். "இடக்காலை" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. இருப்பதே தெரியவில்லை என்று அவள் சொன்ன அந்த இடக்குதிகால்தான் அவளைத் தாங்கியிருந்தது. மறுநாள் மறுபடியும் விளக்கேற்றி உட்கார்ந்தாள்.

மேலைக் கோபுர வாயிலில்

ஆவணி மாதத்தில் ஆசிரியை தம் மாணவிகளையும் பெற்றோரையும் சிதம்பரத்துக்கு அழைத்துச் சென்றார். என் மனைவியும் வந்தாள். விழுந்த பிறகு வீட்டைவிட்டு அவள் சென்ற முதல் வெளியூர்ப் பயணம் அது. மேலைக் கோபுர வாயிலில் குழந்தைகளை நிறுத்தி, ஒவ்வொரு கரணச் சிற்பத்தையும் காட்டி, ஆசிரியை ஒரே கேள்வியைக் கேட்டார். "இவளுடைய எடை எந்தக் காலில்?"

குழந்தைகள் முதலில் கையைப் பார்த்தார்கள்; முகத்தைப் பார்த்தார்கள். விடை வரவில்லை. என் மனைவி சிற்பத்தின் இடையையும் முழங்காலையும் பார்த்துவிட்டு, தன் காலை இலேசாக ஊன்றிப் பார்த்து, "இடக்கால், ஆனால் இன்னும் முழுவதும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது" என்றாள். ஆசிரியை ஒன்றும் பேசாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லில் இருப்பது ஒரு நிலையன்று, ஓர் அசைவின் கணம் என்று நான் புத்தகத்தில் படித்ததை, அவள் தன் பாதத்தால் படித்துவிட்டாள்.

திருவாதிரை விடியலில்

அந்த ஆண்டு மார்கழித் திருவாதிரை. விடியற்காலையில் எங்கள் ஊர்ச் சிவாலயத்துக்குப் புறப்பட்டோம். பனியில் தளம் ஈரமாக இருந்தது. கோபுர வாயிற்படியின் முன் அவள் நின்றாள். பயந்துவிட்டாளோ என்று நினைத்தேன். இல்லை, இரு பாதங்களையும் சமமாக வைத்து, ஒரு மூச்சு நின்று, எடையை ஒரு காலுக்கு மாற்றி, மறுகாலை எடுத்துப் படியைக் கடந்தாள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு பிராகாரத்தில் கால் வைத்தாள். கோமுகம் அருகே வந்ததும் சுவரில் கை வைத்தாள். விரல் நுனிகளை மட்டும் வைத்தாள்.

சந்நிதிக்குத் திரும்பும் இடத்தில் தீபாராதனை மணி ஒலித்தது. நான் அவசரப்பட்டு எட்டி நடந்தேன். ஈரக் கல்லில் என் கால் வழுக்கியது. அவள் கை என் முழங்கையைப் பற்றியது. "ஏங்க, எடை எந்தக் கால்ல இருக்கு?" என்றாள் மெல்ல.

இருவரும் ஆடல்வல்லான் திருமுன் நின்றோம். அபிஷேகம் முடிந்து, அலங்காரத்தில் பெருமான் பொலிந்தார். வழக்கம்போல் என் கண்கள் தூக்கிய திருவடிக்குச் சென்றன. அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தது முயலகன் மீது ஊன்றிய திருவடியை. நானும் அங்கே பார்த்தேன்.

இன்று பிரதோஷந்தோறும் அவள் ஒரு வலம் வருகிறாள். முன்போல் மூன்று இல்லை. கோமுகம் அருகே இன்னும் சுவரைத் தொடுகிறாள். மழை நாளில் போவதில்லை. அது போதும் என்கிறாள்.

என் வயதை ஒத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். முழங்கால் வலியோ, தலைச்சுற்றலோ, சர்க்கரை நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பயிற்சியும் தொடங்க வேண்டாம். பிடிமானம் இல்லாமல் ஒற்றைக் காலில் நின்று பார்க்கவே வேண்டாம். ஆனால் நாளை கோயிலுக்குச் செல்லும்போது, வாயிற்படியைக் கடக்கும் முன் ஒரு மூச்சு நேரம் நில்லுங்கள். பாதத்தின் எந்த இடம் கல்லைத் தொடுகிறது என்று பாருங்கள். வீட்டில் பேரனோ பேத்தியோ நாட்டியம் கற்றால், "இன்று என்ன ஆடினாய்?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "எடை எந்தக் காலில் இருந்தது?" என்றும் கேளுங்கள். அவர்களுக்கு நம் மீது ஒரு புது மதிப்பு வரும்.

அடுத்த முறை நடராசப் பெருமானைத் தரிசிக்கும்போது, தூக்கிய திருவடியை வணங்கிய பின், ஊன்றிய திருவடியையும் ஒரு கணம் வணங்குங்கள். தள்ளாத வயதிலும் தன் திருமுன் நாம் நடந்து வருவதற்கு அவன் அருள்வானாக.